நாலு போல்ட்டும் போர்டு மேயரும்

மேயரைப் பற்றி இந்த நகரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். புகழ்கிறவர்களும் உண்டு, வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த மனுஷனைப் பற்றிப் பேச முழு உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவருடைய தங்கை. பெயர்ப்பலகைக் கடையில் முப்பத்தோரு வருஷம் அவருக்குச் சரிசமமாக நின்றவள். ஊரில் எல்லோருக்கும் அவள் கடையக்கா. அண்ணனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் சும்மா விட மாட்டாள். அவளே அண்ணனைத் திட்ட ஆரம்பித்தாலோ எதிர்க்கட்சிக்காரர்கள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளலாம், அவ்வளவு விவரமாக இருக்கும்.

கடையை ஆரம்பித்தபோது அவருக்கு இருபத்துமூன்று, அவளுக்குப் பதினெட்டு. ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்துதான் கடை. ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். அண்ணன் எழுத்தின் ஓரங்களை வரைவார், தங்கை உள்ளே நிறம் நிரப்புவாள். முதல் போர்டு ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு. இரண்டாவது அதே தெருப் பல் டாக்டருக்கு. டாக்டர் போர்டில் ஒரு பல்லையும் வரைந்து கொடுத்தார் அண்ணன். அது பார்ப்பதற்குப் பல் மாதிரியே இல்லை, உரித்த பூண்டு மாதிரி இருந்தது என்று இன்றைக்கும் அவள் சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணனுக்கு வாய், தங்கைக்குக் கை. அப்படித்தான் தொழில் நடந்தது. ஆர்டர் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. துணிக்கடைக்காரரிடம் போய், "எதிர்க்கடை செருப்புக்காரர் பத்தடில போட்டிருக்கார், நீங்க எட்டடில போட்டா மரியாதையா இருக்குமா?" என்பார். துணிக்கடை பன்னிரண்டு அடியில் போட்டதும், நேராகச் செருப்புக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். சும்மா சொல்லக்கூடாது, ஒரே தெருவில் இரண்டு பக்கமும் மாறிமாறிக் கொளுத்திப் போட்டே தொழிலை வளர்த்தவர். கையெழுத்துப் போர்டு போய்த் தகரப் போர்டு வந்தது, உள்ளே விளக்கு எரியும் போர்டு வந்தது, கடைசியில் மொட்டை மாடி மேல் இரும்புச் சட்டத்தில் நிற்கும் ராட்சசப் போர்டுகளும் வந்தன. படிக்கட்டுப் பொந்து ஒரு பெரிய பட்டறை ஆனது.

இதில் ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அண்ணனுக்கு உயரம் என்றால் பயம். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் கால் வைத்தால் முட்டி தந்தியடிக்கும். ஆகவே இந்த நகரத்தில் அந்தக் கடை மாட்டிய அத்தனை போர்டையும் மேலே ஏறி மாட்டியவள் தங்கைதான். மாடி விளிம்பில் இடுப்புக் கயிற்றோடு தொங்கியபடி சுவரில் துளை போட்டு, போல்ட்டு முடுக்கி, சட்டத்தை ஏற்றுவாள். அண்ணன் தெருவில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடம் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மனுஷன் கறார். மேலே நிற்கிற போர்டு என்றால் எட்டு போல்ட்டு. அதில் பேச்சே கிடையாது. வேலை முடியும் நேரத்தில் கீழேயிருந்து கத்துவார்.

"எட்டா?"

"எட்டு!"

"எண்ணுனியா?"

"எண்ணிட்டேன், தொண்டையைக் கிழிச்சுக்காதீங்க!"

இந்தச் சத்தத்தைக் கேட்டால் தெருக்காரர்களுக்குத் தெரியும், போர்டு ஏறிவிட்டது என்று. அவர் மேயர் ஆனதும் ஒரு போர்டால்தான். ஊரில் தெருப்பெயர்ப் பலகை ஒன்றுகூடச் சரியாக இல்லாத காலம் அது. தபால்காரரிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் வரைக்கும் வழி கேட்டுக் கேட்டே நொந்துபோனார்கள். மாநகராட்சிக்கு ஆறு மனு போட்டுப் பார்த்தார் அண்ணன். பதில் இல்லை. ஒருநாள் பொறுமை போய், பட்டறையில் மிஞ்சிய தகரத்தை எல்லாம் வெட்டி, முந்நூறு தெருவுக்குப் பலகை எழுதி, யாரையும் கேட்காமல் மாட்டச் சொல்லிவிட்டார். மாட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அனுமதியில்லாமல் மாட்டியதாக மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. அந்த நோட்டீஸைப் பெரிதாக எழுதிக் கடை வாசலிலேயே தொங்கவிட்டார். ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த தேர்தலில் அவரை நிற்கச் சொல்லி வந்து நின்றார்கள்.

ஜெயித்தார். ரொம்பக் கொஞ்ச ஓட்டில்தான், ஆனாலும் ஜெயித்தார். முதல் நாளே மாநகராட்சி வாசலில் மேயர் பெயர் எழுதியிருந்த பித்தளைப் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் வேறு ஒன்றை எழுதி வைத்தார். எந்த ஜன்னலில் எந்த வேலை, அதைப் பார்க்கும் அதிகாரி யார், எத்தனை நாளில் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் யாரிடம் போய்ச் சொல்லலாம். அதிகாரிகள் முகத்தில் ஈயாடவில்லை. "எங்க பேரை எல்லாம் இப்படி வாசல்ல எழுதினா எங்களுக்கு என்னங்க மரியாதை?" என்று சங்கத்தோடு வந்தார்கள். "வேலையை முடிங்க, அப்புறம் பாருங்க, அதே பேரைப் பார்த்து ஜனங்க கும்பிடுவாங்க" என்றார் அண்ணன். ஒருவாரம் வேலைநிறுத்தம் நடந்தது. பேப்பர்க்காரர்கள் 'போர்டு மேயர்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரும் நிலைத்தது, வாசல் பலகையும் நிலைத்தது. இறப்புச் சான்றிதழுக்கு நாற்பது நாள் அலைந்த ஊரில் நாலு நாளில் காகிதம் கையில் கிடைத்தது. கடையக்கா அந்த வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் போவாள், ஏதோ புதிதாகப் படிக்கிற மாதிரி.

மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு மத்தியானம் காற்று அடித்தது.

அப்படி ஒன்றும் பெரிய புயல் இல்லை. வானம் இருண்டு, அரை மணி நேரம் சுழற்றி அடித்துவிட்டுப் போன காற்றுதான். அதில் பஸ் நிறுத்தத்துக்கு மேலே, மூன்றாவது மாடியில் நின்ற மருந்துக்கடைப் போர்டு சட்டத்தோடு பெயர்ந்து கீழே வந்தது. பஸ்ஸுக்காக நின்ற ஒரு தையல்காரப் பெண்ணின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியதே பெரிய காரியம் என்றார்கள் பார்த்தவர்கள்.

கடையக்கா ஓடிவந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. அண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தார். நசுங்கிக் கிடந்த தகரத்தின் ஓரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் பட்டறையில் அடித்த ரிவிட் ஆணி வரிசையைப் பார்த்ததுமே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, இது நம் கடை போர்டு. அவள் அண்ணாந்து பார்த்தாள். சுவரில் நாலு துளைதான் இருந்தது. எட்டு இல்லை, நாலு.

அதை மாட்டிய நாள் அப்படியே அவள் கண்முன்னே வந்து நின்றது. தேர்தல் பிரச்சார நேரம். அண்ணன் ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கடைத் திறப்பு என்று மருந்துக்கடைக்காரர் பறந்தார். வாடகைக் கிரேனைத் திருப்பி அனுப்ப வேண்டிய நேரமும் ஆகிவிட்டது. நாலு போல்ட்டு போட்டதும் போர்டு ஆடாமல் கம்பீரமாக நின்றது. மிச்சம் நாலை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டாள். கீழேயிருந்து "எட்டா?" என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. மறுநாள் பிரச்சார அலைச்சலில் போக முடியவில்லை, அடுத்த வாரம் அண்ணன் ஜெயித்த செய்தி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நாலு போல்ட்டு அடியோடு மறந்துபோனது.

பேப்பர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, காற்று மேல் பழியைப் போட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் தலையை நிமிர்த்தி, "இது எங்க கடை போர்டு. சரியா மாட்டலை. தப்பு எங்களோடது" என்றார். தங்கை பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளே உத்தரவு போட்டார். அறுபது நாளுக்குள் மொட்டை மாடியிலும் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டும் நிற்கும் எல்லாப் போர்டும் இறங்க வேண்டும். இனிமேல் சுவரோடு சுவராக ஒட்டித்தான் இருக்கலாம். யார் எந்தக் கொம்பனாக இருந்தாலும் சரி.

அடேயப்பா, அப்போது கிளம்பியது பாருங்கள் சண்டை! வாழ்நாள் பூராவும் பெரிசு பெரிசு என்று ஆசை காட்டி விற்றவர், இப்போது இறக்கு என்கிறாரே என்று வியாபாரிகள் கொதித்தார்கள். அதோடு அவர்கள் கையில் ஒரு ஆயுதமும் இருந்தது. கடையின் கேரண்டி கார்டு. வியாபார வேகத்தில் அண்ணன் தன் கைப்பட எழுதி அச்சடித்தது. எந்தக் காரணத்தால் கீழே இறங்கினாலும் பத்து வருஷத்துக்குள் மாற்றுப் போர்டு இலவசம்.

முதலில் வந்தவர் பேக்கரிக்காரர். கார்டை மேஜையில் வைத்தார்.

"அக்கா, போர்டு இறங்கிடுச்சு."

"உத்தரவு வந்துச்சு, இறக்குனீங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

"எந்தக் காரணத்தாலன்னு போட்டிருக்கே. மேயர் உத்தரவும் ஒரு காரணம்தானே? நல்லா படிச்சுப் பாருங்க, உங்க அண்ணன் எழுத்துதான்."

"எங்கண்ணன் வாய் இருக்கே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் கண்ணாடிக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் துணிக்கடை, செருப்புக்கடை என்று வரிசை தெரு முனை வரை போயிற்று. காலமெல்லாம் எதிரும் புதிருமாக நின்ற துணிக்கடையும் செருப்புக்கடையும் அன்றைக்குத் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள்.

வக்கீல் ஒருவர், இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, தூக்கிப்போடுங்கள் என்றார். கடையக்கா கேட்கவில்லை. "கார்டுல இருக்கறது எங்க சொல்லு. சொன்னா சொன்னதுதான்" என்று எல்லோரையும் பெரிய போர்டைக் கழற்றிப் பட்டறைக்கே எடுத்துவரச் சொன்னாள். ஒவ்வொரு ராட்சசப் போர்டையும் வெட்டினால் சுவரோடு ஒட்டும் சின்னப் போர்டு நாலு வந்தது. எழுத்து மாற்றி, ஓரம் மடித்து, வரிசையாகக் கொடுத்தாள். மூன்று மாதம் கடையில் புது ஆர்டர் ஒன்றும் எடுக்கவில்லை. கையெல்லாம் தகரக் கீறல்.

இதையும் விட்டுவைத்தார்களா? கவுன்சிலில் லாரி கம்பெனி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் இருந்தார். லாரிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் மேயர் ஆனதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். "போர்டை இறக்கச் சொல்றது அண்ணன், புதுசு மாட்டுறது தங்கச்சி. யாரு காதுல பூ சுத்துறீங்க?" என்று கூட்டம் போட்டுப் பேசினார். இலவசமாகக் கொடுக்கிறாள் என்பதைச் சௌகரியமாக விழுங்கிவிட்டார். கடைசியில், ஒரு பெண்ணின் காலை முறித்தவர் மேயர் நாற்காலியில் உட்காரலாமா என்று பதவி நீக்கத் தீர்மானமே கொண்டுவந்துவிட்டார். முப்பத்தெட்டு உறுப்பினர்களில் இருபது பேர் கை தூக்கினால் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருபத்தொன்று தேறும் என்று பேச்சு.

அண்ணனின் இத்தனை வருஷப் பெயர் அந்த நாலு துளைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ராப்பகலாக அதே நினைப்பு. ஒருநாள் காலையில் அண்ணன் வீட்டுச் சமையலறையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டே விட்டாள்.

"யாரு மாட்டுனதுன்னு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

"கடை மாட்டுச்சு."

"கடைக்குக் கையும் காலும் இருக்கா? நான்னு சொல்லுங்க. நான்தானே?"

"நீ வேலையைப் பாரு. இந்த விஷயத்துல தலையிடாதே."

ஆஸ்பத்திரிக்கும் போனாள். தையல்காரப் பெண் கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். "மேயர் தினமும் வராருக்கா. செலவெல்லாம் பார்த்துக்கறாரு. ஆனா அந்த மாட்டுன ஆளை மட்டும் நான் ஒரு தடவை பார்க்கணும். மிஷின் மிதிக்கிற காலு இது. அவங்களுக்கும் ஒரு தொழில் இருக்குமில்ல, அதுல இப்படித்தான் அரைகுறையா விடுவாங்களான்னு கேக்கணும்." கடையக்கா வாங்கிப் போன ஆப்பிளை வைத்துவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாவது மாடியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கத் தைரியம் இருக்கிறது, படுத்துக் கிடக்கிற பெண்ணிடம் உண்மை சொல்லத் தைரியம் இல்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

தீர்மானத்தன்று கவுன்சில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேலே மின்விசிறிகள் சுற்றின, யாருக்கும் காற்று வந்த மாதிரி தெரியவில்லை. மேயர் மீதே தீர்மானம் என்பதால் துணை மேயர் அம்மா தலைமை நாற்காலியில் இருந்தார். அண்ணன் உறுப்பினர்களோடு முதல் வரிசையில். கடையக்கா பார்வையாளர் வரிசையில், வியாபாரிகளுக்கு நடுவில். லாரிக்காரர் எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்வி. அந்த போர்டை மாட்டும்போது நீங்க அங்க இருந்தீங்களா, இல்லையா?"

இருந்தேன் என்றால் பொய். அன்றைக்கு அவர் பிரச்சாரத்தில் இருந்ததற்குப் போட்டோ இருக்கிறது. இல்லை என்றால், பின்னே யார் என்பது அடுத்த கேள்வி. அண்ணன் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா? பதில் இல்லை!" என்று கொக்கரித்தார் லாரிக்காரர். "ஓட்டெடுப்புக்கு விடுங்க."

"நான்தான் மாட்டினேன்."

மண்டபமே திரும்பியது. கடையக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பார்வையாளர் பேசக் கூடாது" என்றார் துணை மேயர்.

"நீ உக்காரு!" என்று அண்ணன் கத்தினார். முப்பத்தோரு வருஷத்தில் வெளி ஆட்கள் முன்னால் அவளிடம் கோபமாகக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"உக்கார மாட்டேன். அப்புறமா என்னைத் தூக்கி வெளியில போடுங்க, இப்ப சொல்லி முடிச்சுக்கறேன். எட்டு போல்ட்டு போடணும். நாலு போட்டேன். கிரேனுக்கு நேரமாச்சு, நாளைக்கு வந்து போட்டுக்கலாம்னு இறங்கிட்டேன். மறுநாள் போகலை, மறந்துட்டேன். எங்கண்ணனுக்குத் தெரியாது, நான் சொல்லலை. அந்தப் பொண்ணு காலு போனது என்னால. அவங்க மூஞ்சியைப் பார்த்தும் சொல்ல முடியாம ஓடி வந்தேன். இங்கேருந்து நேரா அங்கதான் போறேன்." கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

லாரிக்காரர் சும்மா இருக்கிற ஆளா? "சரி. அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் இல்ல? பின்ன மேயர் ஏன் மறைச்சாரு? தங்கச்சியைக் காப்பாத்தவா?"

அண்ணன் எழுந்தார். மைக்கைத் தொடவில்லை.

"எனக்கு ஏணின்னா பயம்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சிரிங்க, பரவாயில்லை. மூணாவது படிக்கு மேல எனக்குக் கால் நடுங்கும். நான் ஒரு போர்டுகூட மாட்டினது கிடையாது. ஒண்ணுகூட. இந்த ஊர்ல எங்க கடை போர்டு ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும். எல்லாம் அவ ஏறி மாட்டினது. நீங்க எல்லாரும் என்னைப் பார்த்து, நீங்க மாட்டுன போர்டு இருபது வருஷமா அசையலீங்கன்னு சொல்வீங்க. நான் சிரிச்சுக்கிட்டே கேட்டுப்பேன். ஒரு நாளும், நான் இல்லைங்க அவதான்னு சொன்னதில்லை. அந்தப் பேருலதான் ஓட்டும் வாங்குனேன்." லாரிக்காரர் பக்கம் திரும்பினார். "நின்ன ரெண்டாயிரத்துக்கும் எம்பேரைப் போட்டுக்கிட்டேன். விழுந்த ஒண்ணுக்கு மட்டும் அவ பேரைச் சொல்லச் சொல்றீங்களா? அதுக்கு எனக்கு வாய் வரலை. அவ்வளவுதான்."

ஓட்டெடுப்பு நடந்தது. கை தூக்கியவர்கள் பதினான்கு பேர். லாரிக்காரரின் பக்கத்து நாற்காலிக்காரரே கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்தது என்று எழுந்தவர்களை அண்ணன் கையமர்த்தினார். இன்னும் ஒரு தீர்மானம் இருக்கிறது என்றார். அலட்சியமாக மாட்டியதற்காகத் தன் கடைக்கு ஒரு வருஷம் போர்டு மாட்டும் உரிமம் ரத்து, அந்தப் பெண் எழுந்து மிஷின் மிதிக்கிற வரை அவள் வீட்டுப் பொறுப்பு முழுதும் கடையுடையது. அவரே படித்தார். முதலில் உயர்ந்த கையும் அவருடையதுதான். பார்வையாளர்களுக்கு ஓட்டு இல்லை என்பது தெரிந்தும் கடையக்காவின் கையும் தன்னால் மேலே போனது.

வெளியே படியிறங்கும்போது பேப்பர்க்காரப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கேட்டான்.

"அக்கா, உங்க அண்ணனே உங்களுக்கு எதிரா முதல் ஆளா கை தூக்கிட்டாரே. அவமானமா இல்லையா?"

கடையக்காவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"அவமானமா? அவர் மட்டும் கையைத் தூக்காம உக்காந்திருந்தா, அதுதாண்டா எனக்கு அவமானம். எழுதிக்கோ. நாலு போல்ட்டு போட்டவ நானு. இந்த ஊர் மேயர் எங்கண்ணன். ரெண்டையும் போடு, ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் போட்டே, நாளைக்கு உங்க ஆபீஸுக்கே வந்துருவேன். இப்ப வழியை விடு, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."